அடங்கிப்போன கல்யாணக் குதிரை

இருங்க, இருங்க... பொங்கல் லீவுக்கு மில்லு ஹாஸ்டல்லேருந்து உங்க பொண்ணுங்க வந்திருக்காங்க, வீட்டுக்குப் போற அவசரம், தெரியுது. ஒரு சின்னக் கதையக் கேட்டுட்டுப் போங்க. குதிரைக் கதை.

எங்க ஊர்ல துரைப்பாண்டின்னு ஒருத்தர். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடறவர். அவர்கிட்ட ஒரு வெள்ளைக் குதிரை, பேரு பட்டாசு. பேருக்கேத்த குணம்! பேண்டு சத்தம் கேட்டா முன்னங்காலத் தூக்கும். கழுத்தை வளைச்சு மாப்பிள்ளை மாலையக் கடிச்சுத் தின்னும். ஒரு கல்யாணத்துல தாய்மாமனுக்கு விட்டுச்சு பாருங்க ஒரு உதை... மனுசன் சாக்கடைக்குள்ள! "இந்தச் சனியனை எவன்யா கூட்டிட்டு வந்தது?"ன்னு சொந்தக்காரங்க துரைப்பாண்டியை அடிக்கவே வந்துட்டாங்க.

அப்புறம் என்னாச்சு... ஒரு தை மாசம் குதிரை அடங்கிருச்சு. பேண்டு அடிச்சாலும் தலை நிமிரல. பிள்ளைங்க வாலைப் பிடிச்சு இழுத்தாலும் உதைக்கல. துரைப்பாண்டிக்குச் சந்தோஷம் தாங்கல. "எப்படிப் பழக்கிட்டேன் பாத்தீங்களா? இப்பத்தான் நல்ல குதிரை!" ஊரும் சொல்லுச்சு, நல்ல குதிரை, நல்ல குதிரைன்னு. வச்ச கொள்ளு வச்சபடி கிடக்குதே, ஏன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? கேக்கல.

ஒரு நாள் அதோட மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போச்சு. கல்யாண வீட்டுக்காரங்க கண்ணுல பட்டா அசிங்கமாச்சேன்னுதான் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூப்பிட்டாரு. அவங்க உதட்டைத் தூக்கிப் பாத்தாங்க. ஈறு வெளிறி, மஞ்சப் பூத்துக் கிடந்துச்சு. காதுக்குள்ள, பிடரி மயிருக்கு அடியில... உண்ணி, கொத்துக் கொத்தா!

"ஏங்க, இது அடங்கலைங்க. காய்ச்சல்ல நிக்குது. உண்ணி கடிச்சு, கண்ணுக்குத் தெரியாத கிருமி ரத்தத்துக்குள்ள போயிருச்சு. உள்ளயே ரத்தத்தை அழிக்குது. உதைக்கத் தெம்பில்ல அதுக்கு! ஊசி போட்டு, ஓய்வு குடுத்தா பொழைச்சுக்கும்."

நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க? அந்த மனுசன் கேட்டாரு... "ஊசி போட்டா, பழையபடி உதைக்குமாம்மா?"

"தேறினா உதைக்கத்தாங்க செய்யும். குதிரைல்ல?"

"அப்ப முகூர்த்தமெல்லாம் முடியட்டும்மா. இப்பத்தான் எல்லாரும் இதையே கேக்குறாங்க."

அந்தம்மா திட்டுனாங்க, கெஞ்சுனாங்க. கேக்கலையே! சரிகைத் துணியப் போத்தி ஓட்டிட்டுப் போனாரு. மண்டப வாசல்ல, மாப்பிள்ளை முதுகுல உக்காந்திருக்கும்போதே, பட்டாசு மெதுவா முன்னங்கால மடக்குச்சு... தலையத் தரையில வச்சுச்சு. மாப்பிள்ளைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்ல. கூட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? "ஏ, மாப்பிள்ளையக் கும்பிடுதுப்பா!"ன்னு கைதட்டுச்சு! உசுரு போய்க்கிட்டிருக்கு... கைதட்டுச்சு! அது அப்புறம் எந்திரிக்கவே இல்ல.

என்ன, உச்சுக் கொட்டுறீங்க? துரைப்பாண்டி மேல கோவம் வருதா? உங்க வீட்டுக் கதைக்கு வாங்க கொஞ்சம். "எம்பொண்ணு முன்ன வாயாடி, மில்லுக்குப் போனதும் நல்லா அடங்கிட்டா"ன்னு சித்த முன்னாடி எங்கிட்டப் பெருமையாச் சொன்னீங்களே... சோறு இறங்குதா அவளுக்கு? நாலு படி ஏறினா மூச்சு வாங்குதே, ஏன்னு கேட்டீங்களா? ராத்திரி ஷிப்டும் அரைவேக்காட்டுச் சோறும் அவ ரத்தத்தை உறிஞ்சியிருக்கு. அதுக்குப் பேரு அடக்கமா? நல்ல பொண்ணுன்னு நாமளும் சேந்து கைதட்டுறோமே, வெக்கமா இல்ல நமக்கு?

லீவு முடிஞ்சு நாளைக்கு மில்லு வேன் வரும். ஏத்தி விடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாருங்க. தேறினா அவ சும்மா இருக்க மாட்டா. "என்னை ஏன் அங்க அனுப்புன?"ன்னு உங்களை நிக்க வச்சுக் கேப்பா. கேக்கட்டுமே! கேக்குறதுக்கு அவ உசுரோட இருக்கணும்ல?