ரவுண்ட் கிக்கா, பேக் கிக்கா?

ஃபஹ்மிதா: …அப்படி இல்லடி சத்யா! ரவுண்ட் கிக்னா பட்டுன்னு வந்து விழணும். உன் பேக் கிக்கு எறையூர் மில்லுக்குப் போற கரும்பு லாரி. திரும்பவே ரோடு முழுக்க வேணும்.

சத்யப்பிரியா: திரும்பட்டுமே. இடிச்சா என்னாவும்? உன்னுதுல சத்தம்தான் ஜாஸ்தி.

ஃபஹ்மிதா: சத்தமா? போன வருஷ டேக்வாண்டோ ஃபைனல்ல எங்கிட்ட உதை வாங்குனியே, மறந்துட்டியா?

சத்யப்பிரியா: அது… வழுக்கிட்டேன்.

ஃபஹ்மிதா: வழுக்குனது காலு. வாய் எதுக்கு மூடிக்கிச்சு? தீபாவளி வரைக்கும் எங்கூடப் பேசல நீ.

சத்யப்பிரியா: அதை விடு… ஆமா, எடை பாக்குற அன்னிக்கு என்னடி கரும்புச்சாறு? நாப்பத்தொன்பது கிலோவைத் தாண்டுனா வெளிய அனுப்பிருவாங்க.

ஃபஹ்மிதா: லெப்பைக்குடிக்காட்டுலேர்ந்து அரியலூர் வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்… தாகம். எடை பாத்தாச்சு. நீ மட்டும் வாழைப்பழமா முழுங்குற?

சத்யப்பிரியா: எனக்கும்… பாத்தாச்சு. எந்திரி, கிக்கைப் போடு. மெதுவா… நில்லு! பாத்தியா? முட்டி தூக்குறதுக்கு முன்னாடியே உன் இடுப்பு திரும்பிருது. அதைப் பாத்தே விலகிரலாம்.

ஃபஹ்மிதா: அல்லாஹ்! இதை எதுக்குடி எங்கிட்ட சொல்ற? ஒவ்வொரு எடைக்கும் ஒருத்திதான் ஸ்டேட் போட்டிக்குப் போவா!

சத்யப்பிரியா: நீ போயேன்… எனக்கென்ன நட்டம்?

ஃபஹ்மிதா: அப்ப நானும் சொல்றேன். திரும்புறதுக்கு முன்னாடி நீ குதிகாலைத் தூக்குற. அதைப் பாத்துத்தான் அன்னிக்கு உள்ள புகுந்தேன்.

சத்யப்பிரியா: அடிப்பாவி! இதுக்காடி வருஷம் பூரா மண்டையை உடைச்சுக்கிட்டேன்? இரு… குதிகால் தரையில… இப்ப?

ஃபஹ்மிதா: யம்மா! காத்தே மூஞ்சில அடிக்குது! சூப்பர்டி!

மைக்: அம்பத்திரெண்டு கிலோ பொண்ணுங்க எடை பாக்க வாங்க…

ஃபஹ்மிதா: நான் போயி… தண்ணி குடிச்சுட்டு வரேன்.

சத்யப்பிரியா: நானும்… பாத்ரூம் போயிட்டு…

ஃபஹ்மிதா: பாத்ரூம் அந்தப் பக்கம்டி.

சத்யப்பிரியா: தண்ணியும் அந்தப் பக்கம்தான்டி. நீ எடை மெஷின் பக்கம்ல போற? ஃபஹ்மி… மேல் எடைக்கு மாத்திக்கிட்டியா?

ஃபஹ்மிதா: மறுபடி அடிச்சு, மறுபடி நீ மூஞ்சத் திருப்பிக்கிட்டா என்னால தாங்க முடியாதுடி. கீழ் எடையில நீ நிம்மதியா ஜெயிப்பேன்னு மாஸ்டர்கிட்ட கெஞ்சி மாத்துனேன்… நீ எதுக்குடி இங்க வர்ற?

சத்யப்பிரியா: நீ ஜெயிக்கட்டும்னு நானும் மாத்திக்கிட்டு, எடை ஏறணும்னு விடிஞ்சதுலேர்ந்து ஒரு சீப்புப் பழத்தைத் தின்னுருக்கேன்டி! குடு… இடுப்பைப் பத்திச் சொன்னதைத் திருப்பிக் குடு!