ஆரஞ்சுக் கையுறை

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிட முடியுமா, ஐயா? குளிர் பட்டால் எனக்கு விரல் மடங்காது. முப்பது வருஷம் பெட்ரோலில் கை நனைத்தவனுக்கு இது சகஜம். முதல் வாக்குமூலத்திலும் சொல்லியிருந்தேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

எரிந்த விமானத்தின் கார்புரேட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றி மேசைமேல் பரப்பியிருக்கிறீர்கள். நல்ல வேலைக்காரர் யாரோ கழற்றியிருக்கிறார். திருகுகளைக்கூட வரிசை மாறாமல் வைத்திருக்கிறார். ஆனால் இன்னும் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தாலும் அதில் குற்றம் அகப்படாது. அதைக் கடைசியாகக் கழுவிப் பூட்டியவன் நான். வாயில்லாத ஒரு சாமான்மேல் பழி விழுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இன்று நானாகவே வந்தேன்.

குளிர்ந்த எஞ்சின் விஷயம் எளிமையானதுதான். சின்ன விமானத்தில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் எஞ்சினுக்கு அடியில் இருக்கும். குளிரில் பெட்ரோல் ஆவியாகாது, எஞ்சின் பிடிக்காது. பொறுமை இல்லாதவர்கள் த்ராட்டில் என்ற வேகப் பிடியை முன்னும் பின்னும் தள்ளி அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பீய்ச்சு பெட்ரோல் விழும். மேலே ஏறாதது கீழே வடிந்து காற்றுப் பெட்டியில் தேங்கும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஒரு தும்மல் போட்டால் அது பற்றிக்கொள்ளும். அப்போதும் பயமில்லை. ஸ்டார்ட்டரை விடாமல் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருந்தால், அதுவே தீயை உள்ளே இழுத்து விழுங்கிவிடும். நிறுத்தத்தான் கூடாது. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ஒரு சங்கடம் உண்டு. அடியில் பற்றும் தீ, உள்ளே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வெளியே தீயணைப்பானோடு நிற்பவனின் கையைப் பார்த்துத்தான் அவர் நடக்க வேண்டும். தலைக்கு மேல் விரலைச் சுழற்றினால் சுற்று என்று பொருள். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் நிறுத்து. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் அப்படியே இரு.

கேப்டன் என் தங்கையின் கணவர். பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் கேப்டன், எனக்கு மாப்பிள்ளை. அவருக்கு நான் மச்சான். அது உறவுக்கு. மாணவர்கள் முன்னால் எனக்கு அவர் வைத்த பெயர் 'இருமல் டாக்டர்'. நான் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் இருமுமாம். புதிதாக வந்த பிள்ளைகள் என்னை நிஜமாகவே டாக்டர் என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று தெரியாமலே கூப்பிட்டார்கள்.

அவர் கைவைத்தால் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். உண்மைதான். ஏனென்றால் மூன்று குளிர்காலமாக, அவர் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நான் போய்விடுவேன். வெப்பக் காற்று ஊதும் பெட்டியின் குழாயை எஞ்சின் மூடிக்குள் செருகி, தங்கையிடம் கேட்டு வாங்கிய பழைய மெத்தைப் போர்வையால் விமானத்தின் மூக்கை மூடிவைப்பேன். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிடுவேன். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பதுதான் என் கொள்கை. வேறு யாருக்காவது தெரிய வேண்டும் என்று உள்ளூர ஒரு மூலையில் காத்திருந்தேனா என்றால், காத்திருந்தேன். அது மனித இயல்பு.

போன மாதம் தேநீர் அறையில் பள்ளி முதலாளியும் எட்டு மாணவர்களும் இருந்தார்கள்.

"மச்சான் தொட்டா இருமும், நான் தொட்டா பாடும். கைராசின்னு ஒண்ணு இருக்கு சார்," என்றார் கேப்டன்.

முதலாளி சிரித்துக்கொண்டே, "அப்புறம் காலையில எதுக்குய்யா தனியா ஒரு ஆளு?" என்றார்.

"என்னைக் கேட்டா? பொண்டாட்டியோட அண்ணனாச்சே. வச்சுக்கிட்டு மாரடிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கோப்பையைக் கழுவி, அதன் இடத்தில் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனேன். கேப்டனுக்கு அது வெறும் பேச்சு. முதலாளிக்கு அப்படியில்லை. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, அடுத்த முதல் தேதியிலிருந்து வர வேண்டாம் என்றார்.

தங்கை வீட்டுக்கு வந்து அழுதாள். "அவருக்கு வாய்தான் அண்ணா. மனசுல ஒண்ணும் கிடையாது. நான் பேசறேன், நீங்க சும்மா இருங்க."

சும்மா இருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அப்படியே இருந்தேன்.

அந்தக் காலையில் வழக்கமான நேரத்துக்குத்தான் போனேன். வெப்பப் பெட்டி மூலையில் இருந்தது. போர்வை மடித்தபடி இருந்தது. எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நான் எதையும் கெடுக்கவில்லை, ஐயா. ஒரு திருகைக்கூடத் தளர்த்தவில்லை. யாரும் கேட்காமல் கொடுத்துவந்த ஒன்றை அன்று கொடுக்கவில்லை. எஞ்சின் பிடிக்காது, மாணவர்கள் முன்னால் அவர் முகம் தொங்கும், அதைப் பார்த்துவிட்டு வேலையை விட்டுப் போகலாம் என்பதுதான் முதலில் என் எண்ணம்.

ஆனால் மாணவர்கள் வருவதற்கு முன்பே அவர் தனியாக வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது.

"பிடிங்க மச்சான்," என்றார். அவர் என்னை நீங்க என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

பிரித்தேன். பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடிக் கையுறை. உள்ளே கம்பளி வைத்துத் தைத்திருந்தது.

"விரல் மடங்கலைன்னு உங்க தங்கச்சி சொன்னா. எனக்கும் இந்த மூட்டத்துல உங்க கை தெரிய மாட்டேங்குது. இது நல்லாத் தெரியும்." காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "முதலாளிகிட்டப் பேசிட்டேன். நீங்க எங்கேயும் போகல. என் வாயை வச்சுக்கிட்டு என்ன பண்றது, சொல்லுங்க. போர்வைக் கதையும் அவ சொல்லிட்டா. மூணு வருஷமா என் கைராசி உங்க போர்வைக்குள்ளதான் படுத்திருந்திருக்கு. முதலாளிகிட்டயும் அதையே சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சாரு."

நான் கையுறையைப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

"எஞ்சின் சூடாயிடுச்சுல்ல?" என்று கேட்டார்.

"ஆச்சு, மாப்பிள்ளை," என்றேன்.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு வார்த்தை. நானும் அதை யோசித்துப் பார்த்தேன். என்னிடம் எனக்கென்று ஒரே ஒரு ரகசியம் இருந்தது, ஐயா. அதையும் அவர் முதலாளியின் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தேநீர் அறையில் எனக்குக் கோபம் வரவில்லை. வேலை போனபோதும் வரவில்லை. அவர் நல்லவராக வந்து நின்றபோதுதான் வந்தது.

அவர் ஏறி உட்கார்ந்தார். அந்த விமானத்துக்கு ஒரே கதவு, வலது பக்கம். நான் தீயணைப்பானை எடுத்துக்கொண்டு அவர் பார்வையில் படும்படி நின்றேன். த்ராட்டிலை ஆறு முறை அடித்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இன்னும் எட்டு முறை அடித்தார். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு தும்மல் போட்டது. மூக்கின் அடியில் ஒரு சின்ன மஞ்சள் சுடர் எட்டிப் பார்த்தது. மெழுகுவத்திச் சுடர் அளவுதான் இருக்கும்.

அவர் என் கையைப் பார்த்தார். நான் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தேன். உடனே நிறுத்திவிட்டார். அத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றுதான்.

சுடர் பெரிதாயிற்று. புகையைப் பார்த்ததும் வாரைக் கழற்றிக் கதவுக்குக் கை நீட்டினார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். மறு கையில் இருந்த தீயணைப்பானைத் தூக்கியும் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி இருக்கையில் சாய்ந்துகொண்டார். மூட்டத்தில் என் கை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் பதினெட்டு வரை எண்ணினேன். அப்போது பெட்ரோல் குழாய் தீயில் அறுந்தது. பிறகு அந்தக் கதவுப் பக்கம் யாராலும் போக முடியவில்லை.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் அவளுக்கு நான்தான் சமைத்துப் போடுகிறேன். "உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க அண்ணா," என்பாள். நான் மறுப்பதில்லை, அவளுக்கு அது ஆறுதல். இன்று காலை நான் கிளம்பும்போது வாசல்வரை ஓடி வந்து, துவைத்து உலர்த்திய இந்தக் கையுறையைச் சட்டைப் பையில் திணித்தாள். "போட்டுக்கோங்க. உங்களுக்கு விரல் மடங்காதே," என்றாள். வழியெல்லாம் அது நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

என் வாழ்க்கையில் ஒருவர்மேலும் நான் கை ஓங்கியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வாக்குமூலத்தில் ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். குளிரில் விரல் மடங்காததால் தீயணைப்பானின் பாதுகாப்பு ஊசியை உருவ முடியவில்லை என்று இருக்கிறது. அன்று என் கை கதகதப்பாக இருந்தது. விரல்கள் நன்றாக மடங்கின.