ஆண்டியப்பன் ஐயாவுக்கு, கண்ணு தொறக்காத சிலையோட

மாலைய போட்டது நான்தான் ஐயா, இருளப்பன் மாமாவ திட்டாதீங்க! உங்க சம்சாரம் வடிவம்மா அத்தை கத்துன கத்துல பட்டறை தகரமே ஆடிப்போச்சு. திரும்பிப் பாத்தா வாசல்ல நீங்க.

வேலையிலேருந்து ஓய்வு எடுக்கிற உங்களுக்கு நாளைக்குக் கோயில் மண்டபத்துல பிரியாவிடை. சாயம் பூசுற கங்காதான் மடல் வாசிக்கணும்னு கோயில்காரங்க என் தலையில கட்டிட்டாங்க. “அழகு தமிழ்ல எழுதும்மா, பிரேம் போடணும்”னாங்க. இருக்கிற பயத்துல அதெல்லாம் வரல. வாயில வர்றதத்தான் எழுதுறேன்.

மலை மேல சாமி வச்ச மகராசா! மூடுபனியில முனியாண்டிக்கு மீசை வச்ச மேஸ்திரியே! எங்க ஆண்டியப்பன் ஐயாவே, வணக்கம்!

இந்த மலையில கோலா தெர்லாவுலேருந்து தானா ராத்தா வரைக்கும் எந்த எஸ்டேட் கோயிலுக்குப் போனாலும் உங்க கைவேலைதான் நம்மள மொறைச்சிப் பாக்குது. இந்தக் குளிருல சிமெண்டு லேசுல காயாது. காளியம்மா தோள் மழையில கரைஞ்சிடக் கூடாதுன்னு உங்க கம்பளிய அவளுக்குப் போத்திட்டு, சாக்க போத்திக்கிட்டுப் படுத்தவரு நீங்க! “முனியாண்டி மீசையப் பாத்து எங்க புள்ளைங்க பயப்படுது, கொஞ்சம் கொறை”ன்னு எஸ்டேட் துரை சொன்னப்ப, “பயப்படத்தானே தொர வச்சிருக்கு”ன்னு சொன்னவரு நீங்க!

பிரிஞ்சாங் டவுன்ல டூரிஸ்டுங்க கட்டிப்புடிச்சி போட்டோ எடுக்கிற சிமெண்டு ஸ்ட்ராபெரி பழமும் நீங்க செஞ்சதுதான். அதுக்கு ஒவ்வொரு விதையா உக்காந்து வச்சீங்க. “சும்மா புள்ளி வச்சா போதும்லா”ன்னாரு நம்ம பட்டறை மகேன் அண்ணன். “சாமி மன்னிச்சிடும்டா, பழம் விக்கிறவன் மன்னிக்க மாட்டான்”னீங்க. இன்னைக்கும் அத சொல்லிச் சிரிக்கிறோம்.

முகம், கை, நகை எல்லாம் எங்கள செய்ய விடுவீங்க. கண்ணு மட்டும் நீங்கதான். துணி கட்டி மறைச்சி, விடியக்காலையில தனியா உள்ள போயி உளியால தொறப்பீங்க. வேற எவன் கை வச்சாலும் அன்னைக்கே பட்டறைய விட்டுப் போயிடணும். அந்தப் பழக்கந்தான் ஐயா எங்கள கவுத்துடுச்சி.

பரிசா குடுக்கலாம்னு உங்க சிலையவே இருளப்பன் மாமா, மகேன் அண்ணன், நான்னு பட்டறை ஆளுங்க மூணு பேரும் ஒளிச்சி வச்சி செஞ்சோம். எல்லாம் முடிச்சோம், கண்ண தொடல. கண்ணுதான் ஐயா வேலையாச்சே! கண்ணு தொறக்காம அது எப்படித் தெரியும்னு ஒருத்தருக்கும் உறைக்கல. நான் வேற, வெறுங்கழுத்தா இருக்கேன்னு செவ்வந்தி மாலை போட்டு, நெத்தியில பொட்டும் வச்சிட்டேன். சாப்பாடு கொண்டாந்த அத்தை பாத்தது, செத்தவரு மாதிரி கண்ண மூடி மாலையோட இருக்கிற உங்கள.

“அடப்பாவிங்களா! மனுஷன் உசிரோட இருக்கையிலயே மாலையா? ஒடைங்கடா இத! இல்லன்னா நாளைக்கு அவரு மண்டபத்துப் பக்கமே வரமாட்டாரு!”

நீங்க மாலைய கழட்டி என் கையில குடுத்தீங்க. சிலைய சுத்திச் சுத்தி வந்தீங்க.

“மூக்கு கொஞ்சம் பெருசு.”

“உங்க மூக்கே அம்புட்டு பெருசுதான்”னாங்க அத்தை, அழுகையோட.

நீங்க சிரிச்சீங்க. ஆனா ஒடைக்கச் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அத்தைய கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. மகேன் அண்ணன் சுத்தியல தூக்குனாரு, கீழ வச்சிட்டாரு. “ஐயா மூஞ்சியில எப்படிலா அடிக்கிறது”ன்னு உக்காந்துட்டாரு.

ஐயா, முட்டி வலி இல்லாம, சுடச்சுட தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு, அத்தைகிட்ட திட்டு வாங்கிக்கிட்டு நீங்க ரொம்ப காலம் இருக்கணும். மேஸ்திரி இல்லாத பட்டறைக்கு அப்பப்ப வந்து எங்கள ஏசணும்.

இருளப்பன் மாமா, மகேன் அண்ணன், நான், மூணு பேரும் இந்த மடல்ல கையெழுத்துப் போட்டாச்சு. சிலை கண்ணு முழிச்சிட்டா அத்தை மனசு ஆறிடும், உங்கள விழாவுக்கு விடுவாங்க. நாங்க தொறந்தா உங்க பேச்ச மீறுன மாதிரி. நீங்களே தொறக்கலாம்னா, தன் சிலையோட கண்ண தானே தொறந்த சிற்பி எந்த ஊருலயாவது உண்டா? விடியப் போகுது, உளிய யாரு ஐயா எடுக்கிறது?