மூணு விரல் நீலம்

— லைட்டை இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க அண்ணி.

— இதுக்கு மேல கிட்ட காட்டணும்னா உன் மூக்குலதான் ஒட்டணும். தெரியலையா? இதோ... மேல இருந்து கீழ வரைக்கும் கோடு போட்ட மாதிரி துரு.

— தெரியுது, தெரியுது. இந்தத் தொட்டியை அனுப்பி எத்தனை நாள் ஆச்சு?

— மூணு மாசம்கூட முழுசா ஆகலை. உப்புத்தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க, ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. லாரியில ஏத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. எவர்சில்வர், துருவே பிடிக்காதுன்னு சொல்லித்தானே வித்தோம்... மானம் போச்சு.

— முதலாளி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?

— நாலு மணிக்கு வந்து பார்க்கிறாராம். யார் பண்ண தப்புன்னு கேட்பார்ல? நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கிறேன்.

— நீங்க என்னத்தைப் பேசுவீங்க?

— பாலிஷ் போட்டது நான்தானே. இரும்பு கேட்டைத் தேய்ச்ச சக்கரத்தை மாத்தாம இதையும் தேய்ச்சிட்டேன், இரும்புத்தூள் ஒட்டித் துரு ஏறிடுச்சுன்னு சொல்லிடுவேன்.

— அப்படியா தேய்ச்சீங்க?

— ...ஆமா.

— அட போங்க அண்ணி! எவர்சில்வர் சக்கரத்தைத் துணி சுத்திப் பெட்டியில பூட்டி வைக்கிற ஆளு நீங்க. ஒரு தடவை நான் எடுத்ததுக்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. யார்கிட்ட கதை விடுறீங்க?

— எனக்கும் வயசாகுது. மறக்கக் கூடாதா?

— சரி, மறந்துட்டீங்கன்னே வச்சுக்குவோம். அப்ப தேய்ச்ச இடமெல்லாம்ல துரு வந்திருக்கணும்? இது வெல்டுக்கு ரெண்டு பக்கமும் மட்டும்தானே ஓடுது?

— ஐயோ, உன்னை யாரு இப்ப துப்பு துலக்கச் சொன்னா!

— இது சூட்டால வந்தது அண்ணி. ஒரே இடத்துல ரொம்ப நேரம் சூடு நின்னா, உள்ள இருக்கிற குரோமியம் கார்பனோட போய் ஒட்டிக்கும். துருவைத் தடுக்கிறதே அந்தக் குரோமியம்தான். அப்புறம் மேல எவ்வளவு பளபளன்னு தேய்ச்சாலும்...

— எனக்கே பாடம் எடுக்கிறியா? அதெல்லாம் எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சுமா பழியை ஏத்துக்கப் போறீங்க? வெல்டு போட்டுச் சூடு ஏத்தினது நான். வேலை உங்களுக்குல்ல போகும்!

— போகட்டும். எனக்கு உங்க அண்ணன் சம்பளம் இருக்கு. உனக்குப் போச்சுன்னா? ரெண்டு பொண்ணுங்களும் இன்னும் படிச்சிட்டு இருக்காங்க...

— அதுக்காக...

— இரு. ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லு. கண் டாக்டர்கிட்ட போனியா, இல்லையா?

— கண்ணா? என் கண்ணுக்கு என்ன...

— நடிக்காதீங்க கொழுந்தனாரே. உன் வெல்டுல எப்பவும் பக்கத்துல ஒரு விரல் அகலம்தான் சூட்டுல நீலம் ஏறும். ஒரே ஓட்டமா ஓட்டிட்டுக் கையை எடுத்துடுவே. இந்தத் தொட்டியில மூணு விரல் அகலம் இருந்துச்சு. கோடு தெரியாம, போன இடத்துலயே திரும்பத் திரும்பப் போயிருக்கே.

— ...அன்னிக்கே பார்த்துட்டீங்களா?

— பார்த்தேன். வேற யாரு கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு, எல்லாரும் சாப்பிடப் போனப்போ உட்கார்ந்து தேய்ச்சேன். நீலம் போச்சு. உள்ள கெட்டது அப்படியேதானே இருந்திருக்கு... அன்னிக்கே உன்கிட்ட கேட்டிருந்தா இந்தத் தொட்டி வாசலைத் தாண்டியிருக்காது. என்மேலயும்தான் தப்பு. அதனாலதான் சொல்றேன்...

— அண்ணி...

— பேசாதே, முதலாளி வண்டிச் சத்தம் கேட்குது. சக்கரம்னே சொல்லிடுவோம். சரியா?

— சக்கரத்தை விடுங்க. காலையிலயே அவர்கிட்ட சொல்லிட்டேன்... வலது கண்ணுல பாதி இருட்டு, நாலு மாசமா மறைச்சிட்டேன், நான் வெல்டு போட்ட மத்த தொட்டியையும் பார்த்துடுங்கன்னு. முதல்ல கண்ணைப் பாரு, வேலையை அப்புறம் பேசிக்கலாம்னார். அவர்கிட்ட சொல்லிட முடிஞ்சுது அண்ணி. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் தைரியம் வரலை.