ரெங்கம்மாள் கொடுத்த ஜோஜோபா எண்ணெய்

"…எம் மக மூஞ்சி, அது மூஞ்சியா தாயி? வெந்த தக்காளியாட்டம் இருக்கு. நாளைக்கு உசிலம்பட்டியில இருந்து பொண்ணு பாக்க வாராக. தக்காளியவா கொண்டாந்து உக்கார வச்சுக் காட்டுறது?"

நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து அன்னக்கொடி வாயை மூடவில்லை. ஜன்னலோரத்துப் பெண் மடியில் ஒரு சாக்குப் பையை அணைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. கேட்க நேரம் ஏது? காளவாசல் வருவதற்குள் நாத்தனார் ரெங்கம்மாளின் லட்சணத்தை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாக வேண்டும்.

ரெங்கம்மாள் மகன் உக்கிரபாண்டி ராஜஸ்தான் பக்கம் ஏதோ பாலைவனப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அங்கே வெளிநாட்டுச் செடி ஒன்றை நட்டுப் பார்க்கிறார்களாம். அதன் கொட்டையை ஆட்டினால் வருவது ஜோஜோபா எண்ணெயாம். லீவுக்கு வந்தவன் அம்மாவுக்கு அதைத்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

"பேரைப் பாரு தாயி. தூளியில பிள்ளையப் போட்டு ஆட்டுற மாதிரி, ஜோஜோவாம், பாவாம்."

நம்ம ஊரில் எண்ணெய்க்கா பஞ்சம்? ஆனால் செக்கில் ஆட்டுவதெல்லாம் ரெங்கம்மாளுக்கு ஆகாது. அந்தச் சீமை எண்ணெயில் ஆவாரம்பூ, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் போட்டு, பாட்டில் வாயில் வெள்ளைத் துணி கட்டி, மொட்டைமாடி வெயிலில் வைத்து இறக்கினாளாம். பட்டத்து ராணிக்குக் காவல் போல மாடிப்படியில் உட்கார்ந்து காக்காய் வேறு விரட்டினாளாம். அதைப் பூசிப் பூசி இப்போது, பேரன் எடுக்கிற வயதில், புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கு மாதிரி மினுக்குகிறாள். இதைச் சொல்லும்போது அன்னக்கொடியின் கை தன் கன்னத்தை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டது.

அந்த எண்ணெயில் ஒரு பாட்டிலைத்தான் ரெங்கம்மாள் அன்னக்கொடியின் மகள் அழகம்மாளுக்குக் கொடுத்தாள். சும்மா கொடுப்பாளா? அழகம்மாளைத் தன் மகனுக்குக் கேட்டவள் அவள். பெற்ற பிள்ளையை மணல் காட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அன்னக்கொடி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதற்கும் ரெங்கம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாட்டிலை நீட்டினாள். அதைப் பூசிய ராத்திரியே பிள்ளையின் முகம் சிவந்து வெந்துபோனது.

"தன் மகனுக்கு இல்லாத பொண்ணு வேற எவனுக்கும் அமையக் கூடாதுன்னு செஞ்ச வேலை தாயி இது. இன்னைக்கு இந்தப் பாட்டில அவ வாசல்லயே போட்டு ஒடைச்சு, இனிமே உனக்கும் எனக்கும் நல்லது கெட்டது கிடையாதுன்னு சொல்லிட்டுத்தான் வீடு திரும்புவேன். எங்க வீட்டுக்காரர், ஒத்த அக்கா ஒத்த அக்கான்னு காலையில இருந்து சோறு திங்கல. திங்காட்டிப் போறாரு."

மீனாட்சிக்கு விளக்குப் போட்டு உத்தரவு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாளாம். மீனாட்சி அதற்கு என்ன சொன்னாளோ, அதை அன்னக்கொடி சொல்லவில்லை.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. சாக்குப் பையின் வாய் பிரிந்து, சுருக்கென்று நெடி கிளம்பியது. அன்னக்கொடி தொடர்ந்து தும்மினாள். உள்ளே செக்கச் செவேலென்று மிளகாய் வத்தல். முந்தானையால் மூக்கைத் துடைத்தவளுக்கு அதிலும் ஒரு பேச்சு கிடைத்துவிட்டது.

"நல்ல காரமான வத்தல் தாயி. எண்ணெய் காய்ச்ச இதுதான் தோது. எங்க வீட்டுல பச்சையா எந்த எண்ணெயும் உடம்புல படாது. தலைக்கு ஊத்துற நல்லெண்ணெயக் கூட ரெண்டு வத்தல், நாலு மிளகு கிள்ளிப் போட்டு, முறிய முறியக் காய்ச்சினாத்தான் குளுமை எடுபடும், சளி அண்டாது. இந்த மகராசி எனக்கே பாடம் சொல்றா, மதினி சொல்றேன், இதை மட்டும் அடுப்புல வச்சிராதேன்னு. வயசுக்கு வந்த பிள்ளை மூஞ்சியில பச்சை எண்ணெயத் தேய்ச்சா நீர் கோக்காதா? அதான் நேத்து நானே சட்டியில ஊத்தி, வத்தல…"

சொல்லிக்கொண்டிருந்தவள் மடியிலிருந்த பாட்டிலைக் குனிந்து பார்த்தாள்.

ஜன்னலோரத்துப் பெண் முதல்தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லப் பைக்கு முடிச்சுப் போட்டு, முன்னால் காலியான சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் காளவாசல் என்று கத்தியதும் அன்னக்கொடி எழுந்தாள். அங்கே இறங்கினாள். ஒடைப்பேன் என்று கொண்டுவந்த பாட்டிலை, கீழே விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ரெங்கம்மாள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டியைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு எதிரே வந்தாள். அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். கலங்கலாகச் சிவந்திருந்த எண்ணெயைப் பார்த்தாள்.

"வா அன்னக்கொடி. பிள்ளைக்கு நாளைக்குப் பூச இது பத்தாதுன்னு வந்தியாக்கும். என்ன இது, இந்த நிறம்? அடுப்புல வைக்கலையே?"

வழிநெடுகப் பேசிவந்த வாய்க்கு இப்போது ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"ரெண்டே ரெண்டு வத்தல்தான் மதினி."