அப்பாவுக்கு நான் சொன்ன சேதி

எங்கள் மிளகாய்த்தூளில் சாயம் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதை வைத்து யாரும் தூளைச் சந்தேகப்படக் கூடாது. மிளகாயை நானே காம்பு கிள்ளி, நானே காயப்போட்டு, புக்கிட் ரோத்தான் மில்லில் பக்கத்தில் நின்று அரைத்து வாங்குகிறேன். பாக்கெட்டில் சிரித்துக்கொண்டிருப்பது என் அம்மா இராஜம்மா. தூளுக்கும் அம்மா பேர்தான்.

மூன்று வாரமாக நீங்கள் எல்லாரும் நம் ஃபேஸ்புக் பேஜில் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "அப்பா எங்க சிஸ்? ஏன் லைவ்ல காணோம்?" தஞ்சோங் காராங் திலகம் அக்கா, பாவம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டார்களாம். அப்பா நன்றாக இருக்கிறார். ரவாங்கில் என் அண்ணன் சேது வீட்டில் இருக்கிறார். அண்ணன்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஏன் என்று சொல்லாமல் விட்டால் ஆளுக்கொன்று பேசுவீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த வருடக் கடைசியிலேயே அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, அப்புறம் கடைக்குப் போகிற வழி, அப்புறம் அம்மா செத்துப்போனது. என்னைத் தெரியும், அம்மாவைத் தெரியும், அம்மாவின் சாவு மட்டும் நினைவில் இல்லை. "குமுதா, அம்மா எங்கம்மா?" என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கேட்பார்.

கிளினிக்கில் விஷாலினி என்று ஒரு நர்ஸ், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மருந்து எடுத்துக் கொடுக்கும்போது எனக்குப் புத்தி சொன்னார். "உண்மைய சொல்லாதீங்கக்கா. நீங்க சொல்றப்பல்லாம் அவருக்கு அது புதுசு. அன்னிக்குத்தான் செத்த மாதிரி இருக்கும். எங்கயாச்சும் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்க லா."

நானும் அப்படித்தான் சொன்னேன். "அம்மா சுங்கை பெசார் சின்னம்மா வீட்டுக்குப் போயிருக்குப்பா. சாயந்திரம் வந்துரும்." "அப்படியா, சரி சரி" என்று சட்டையை மாற்றி, தலையைச் சீவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். முகத்தில் ஒரு குறையும் இருக்காது. இந்தப் பதில் எப்போதும் என் கையில் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஃபேக்டரி வேலையை விட்டேன். வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி தூள் வியாபாரம் தொடங்கினேன். லைவ் போட்டால் பத்துப் பேர் பார்ப்பார்கள், அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். ஆன்லைனில் வியாபார வகுப்பு எடுத்த ஒரு அம்மா, "பொருளைக் காட்டாதீங்க, உங்க வாழ்க்கையக் காட்டுங்க" என்று சொல்லிக்கொடுத்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். என் வாழ்க்கையில் மிளகாயையும் அப்பாவையும் தவிர வேறு எதுவும் இல்லை.

ஒரு நாள் லைவில் மல்லித்தூளைக் காட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து கேட்டார். எனக்கு அன்று காய்ச்சல். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ தெரியாது. "அம்மா செத்துப்போச்சுப்பா" என்று வாயில் வந்துவிட்டது. வேண்டுமென்று சொல்லவில்லை. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்பம்மா? எனக்கு ஏன் யாருமே சொல்லல?" என்று அழுதார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். லைவை நிறுத்த மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் அதை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வீட்டிலிருந்த தூள் ஒரு பாக்கெட் மிச்சமில்லாமல் போய்விட்டது.

அப்பாவோ பத்து நிமிடத்தில் மறந்துவிட்டார். டீ குடித்தார், பிஸ்கட் நனைத்துச் சாப்பிட்டார். அதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மறந்துபோகிற வலி ஒரு வலியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் தெரிந்தே சொன்னேன். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. பகலெல்லாம் சுங்கை பெசார் கதையைச் சொல்லி உட்கார வைத்திருப்பேன். லைவில் ஆள் சேர்ந்த பிறகு உண்மையைச் சொல்வேன். அவராகக் கேட்காத நாட்களும் வந்தன. அந்த நாட்களில் அம்மாவின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். "அம்மா வந்துட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வருவார். அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்கினால் நீங்கள் அதிகமாக அழுதீர்கள். இப்போது எழுதக் கை கூசுகிறது. செருப்பை எடுத்து வைத்தபோது கூசவில்லை.

உஷாராணி என்று ஒரு வாடிக்கையாளர், "ஏன் சிஸ் திரும்பத் திரும்பச் சொல்றீங்க, பாவம் லா அவரு" என்று கமெண்ட் போட்டார். டாக்டர்தான் உண்மையைச் சொல்லச் சொன்னார் என்று எல்லார் முன்னாலும் வாய் கூசாமல் சொல்லிவிட்டு, அவரை பிளாக் செய்தேன். உஷாராணி, நீங்கள் சொன்னதுதான் சரி.

பழகப் பழகப் பாலும் புளிக்கும். உங்களுக்கும் புளித்தது. பார்ப்பவர்கள் குறைந்தார்கள். அதனால் கொஞ்சம் சேர்த்தேன். "கடைசியா உங்களத்தான் கேட்டுச்சுப்பா. நீங்கதான் லோரியில போயிட்டீங்க, வரவே இல்ல." இது பொய். அம்மா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போனார். மூன்று நாளும் கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அப்பா. அது அவருக்கு நினைவில்லை, எனக்கு நினைவிருந்தது. "பாவி நான், போயிட்டனே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதைத்தான் நீங்கள் அதிகம் பகிர்ந்தீர்கள்.

எத்தனை முறை என்று எனக்குக் கணக்கில்லை. அண்ணன் பேஜில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்தொன்று.

கடைசி முறை ஒரு புதன்கிழமை. அன்று நான் செருப்பு வைக்கவில்லை. லைவுக்கு விளக்கைப் போட்டதும் அப்பா தானாகவே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது. ஏன் வழிகிறது என்று அவருக்கே தெரியவில்லை. துண்டால் துடைத்து, ஈரத்தைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கு யாரும்மா செத்துட்டாங்க?"

யாரும் இல்லப்பா, வாங்க டீ குடிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. திரையில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மாப்பா" என்றேன்.

அண்ணன் அதை வேலையிடத்து கேன்டீனில் யாரோ காட்டிப் பார்த்திருக்கிறார். அப்படியே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. அப்பாவின் சட்டைகளை ஒரு பையில் எடுத்து வைத்தார். "அப்பாவுக்கு மறதி. உனக்கு என்ன கேடு?" என்று மட்டும் கேட்டார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று அம்மா அடிக்கடி சொல்வார். எங்களைத் திட்டுவதற்காகச் சும்மா சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அப்பா கார் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். "குமுதா, அம்மா வந்தா சொல்லிடு. சேது வீட்டுக்குப் போயிருக்கேன், தேடப் போறா."

"வந்ததும் சொல்றேம்பா" என்றேன். அப்போது கேமரா இல்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடைக்குப் போனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது அப்பாவிடம், ஆனால் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. வீடியோக்களை எடுத்துவிடச் சொல்லி அண்ணன் தினமும் மெசேஜ் போடுகிறார். எடுத்துவிடுவேன். இதை வியாபாரத்துக்காக எழுதவில்லை, மனப்பாரம் இறங்கட்டும் என்றுதான் எழுதினேன். கூடவே அப்பா படம் ஒன்று வைக்கலாம் என்று தேடினேன். அழாத படமாக ஒன்றுகூட என் போனில் இல்லை. அதனால் இருப்பதில் ஒன்றை வைத்திருக்கிறேன்.

எழுதி முடிக்கும்போது மணி இரண்டேகால். சாயந்திரம் ஐந்தரைக்குத்தான் பேஜில் போடுவேன். ஷிப்ட் முடிந்து எல்லாரும் போனைத் திறக்கிற நேரம் அதுதான்.