எர்த் ஸ்குரூவுக்கு அடியில்

தலைமை ஏற்றிருக்கும் ரேடியோ மெக்கானிக் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் மகளின் தோளில் சாய்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டி அக்கம்பக்கத்தாரிடம் திட்டு வாங்கும் என் சங்கத் தோழர்களே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

நம் துணைத் தலைவர், 'தகரண்ணன்' என்று நாம் அழைத்த மாமனிதர், சென்ற வியாழக்கிழமை தம் பட்டறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். தாம் செய்த பெட்டியே தம்மைக் கொன்றதாம்! வேலையில் கோட்டை விட்டாராம்! சாவு வீட்டு வாசலிலேயே என் காதுபடப் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூட முடியாது. ஆனால் பதில் சொல்லலாம். அதற்குத்தான் வந்து நிற்கிறேன்.

யார் அவர்? நாமெல்லாம் சர்க்யூட்டை முடித்துவிட்டு அப்புறம் பெட்டிக்கு அலைகிறவர்கள். "புள்ள பொறந்தப்புறம் தொட்டில் தேடுற கூட்டம்டா நீங்க" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே தேடியும் தருவார். செத்த கம்ப்யூட்டரின் கேபினெட், பழைய டிவிடி பிளேயரின் கூடு, எதுவும் தோதுப்படவில்லை என்றால் அலுமினியத் தகட்டை அவரே வளைப்பார். கண்பார்வையற்ற நம் டெலிபோன் ஆபரேட்டருக்கு, ஒவ்வொரு குமிழின் பக்கத்திலும் தொட்டுப் பார்க்கப் புள்ளி குத்திக் கொடுத்தவர் அவரல்லவா!

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். எர்த் ஒயரை மாட்டும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. பெயிண்ட் கரண்டை விடாது. ஸ்குரூவை எவ்வளவு முடுக்கினாலும் எர்த் கிடைக்காது, பெட்டியில் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போகாமல் தொடுகிற ஆள் மேல் பாயும். "பெட்டி அழகுக்கு இல்லடா, ஆளக் காப்பாத்தறதுக்கு" என்பார். பெயிண்ட் அடித்தவனையெல்லாம் "சுரண்டுனியா?" என்று கேட்டு உயிரை வாங்குவார்.

தோழர்களே, அந்தப் பெட்டி என்னுடையது. ஆம், என்னுடையதுதான்! அவர் கொடுத்தபோது வெறும் அலுமினியம். எனக்கு அழகு போதவில்லை. பிரித்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். எர்த் ஒயரைப் பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கினேன். பாட்டுக்கு நடுவே ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்' என்று உறுமியது. புதன்கிழமை அவரிடம் கொண்டுபோனேன்.

"சுரண்டுனியா?"

"சுரண்டிட்டேண்ணே."

பின்வரிசையில் எழுந்து நிற்கிறவரே, உட்காருங்கள். சொல்லி முடித்த பிறகு அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பளபளப்பில் கீறல் விழுமே என்று சுரண்டாமல் விட்டேன். அதை அவரிடம் சொல்லக் கூசிப் பொய் சொன்னேன். மனிதர் நம்பினார். மறுநாள் உள்ளே கரண்ட் ஒயர் ஒன்று உராய்ந்து பெட்டியைத் தொட்டிருக்கிறது. எர்த் இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் கை வைத்திருக்கிறார். நேற்று தலைவர் ஐயா முன்னிலையில் அந்த ஸ்குரூவைக் கழற்றினோம். அடியில் பெயிண்ட் அப்படியே இருந்தது. இன்று காலை விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று சும்மா கை தூக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரவர் பெட்டியோடு இங்கே வாருங்கள். ஒவ்வொன்றையும் திறப்போம், மீட்டர் வைத்துப் பார்ப்போம். வெட்கப்பட்டு யாரும் எதையும் மறைக்க வேண்டாம்.

அண்ணி! உங்கள் கணவர் செய்த பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அவரைக் கொன்றது என் பொய். என்னை நீங்கள் மன்னிக்க வேண்டாம். அவர் வேலையை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.